கெடு கடந்த வழக்கு

வீட்டை ஈடு காட்டிக் கடன் பெறும் அங்கத்தினர்கள் வட்டியைக் கணக்கிடுகின்றனர், தவணையைக் கணக்கிடுகின்றனர், வழக்குத் தொடுப்பதற்குரிய கெடுவைக் கணக்கிடுவோர் மிகச் சிலரே. நியாயம் நம் பக்கமிருக்கக் கோர்ட்டு நம்மைக் கைவிடாது என்னும் நம்பிக்கை தலத்தெருவிலும் உண்டு. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டமோ, கெடு கடந்து தொடுத்த வழக்கை, எதிர்க்கட்சிக்காரர் சுட்டிக்காட்டாவிடினும், கோர்ட்டு தானாகவே தள்ளுபடி செய்ய வேண்டுமென விதிக்கிறது. தாமதத்தை மன்னிக்கும் 5ஆவது பிரிவு அப்பீலுக்கும் மனுக்களுக்குமே உரியது. அசல் வழக்குக்கு அன்று.

பிற நாடுகளிலும் இதுவே நிலை. அமெரிக்காவின் புளோரிடாவில் 1986இல் வீட்டின்மீது கடன் பெற்ற தம்பதியர், கடன் விவரங்கள் தமக்குச் சட்டப்படி அறிவிக்கப்படவில்லை என்று கூறி, அக்கடனை ரத்துச் செய்யக் கோரினர். அதற்குரிய கெடு 3 ஆண்டுகள். அவர்களோ, 1992இல் வீட்டின்மீது வழக்கு வந்த பின்னரே அவ்வுரிமையை நினைந்தனர். கெடுவோடு உரிமையும் ஒழிந்தது என 1998இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் சாதாரண அடமானத்தை மீட்க 30 ஆண்டுக் காலம் உண்டு. போக்கியத்துக்கு அக்கெடு பத்திரத் தேதியிலிருந்து ஓடாது என 2014இல் நம் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பாட்டனார் எழுதிய போக்கியமாயினும் வக்கீலிடம் காட்டுவது நன்று.

வங்கிக் கடனிலோ கெடு நாட்கணக்கில் ஓடுகிறது. சர்பாசி எனப்படும் 2002ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டுறவு வங்கிகளுக்கும் பொருந்தும் என்பது 2020இல் முடிவான சங்கதி. முதலில் 60 நாள் நோட்டீசு. அதற்கு ஆட்சேபனை எழுதினால் வங்கி 15 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். பின்னர் வங்கி வீட்டைச் சுவாதீனப்படுத்தினால், 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். இங்கேதான் பலர் இடறுகின்றனர். கிளை அதிகாரியோடு சமரசம் பேசிக்கொண்டிருக்கையிலும் அந்த 45 நாட்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் வாய்மொழியாகச் சொல்லும் ஆறுதல் தீர்ப்பாயத்தில் எடுபடாது. சிவில் கோர்ட்டில் தடையுத்தரவு தேடுவோருக்கு 34ஆவது பிரிவு குறுக்கே நிற்கும், நாட்களும் வீணாகும்.

விவசாய நிலத்துக்கு இச்சட்டத்தில் விலக்குண்டு. ஈடு வைத்த வீட்டுக்கு, அதனுள்ளே தறி இருப்பினும், அவ்விலக்கு இல்லை.

சுவாதீன நோட்டீசு கதவில் ஒட்டப்படும். 2 நாளிதழ்களிலும் வெளியாகும். அதனை ஏதோ விளம்பரத் தாளென்று கிழித்தெறியும் வீடுகளும் உள்ளன! ஒட்டிய தேதியை அன்றே குறித்துக்கொண்டு, தாளோடு சங்கக் காரியதரிசியிடம் வருக. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஏல அறிவிப்பு வெளியான பின்னர்ப் பாக்கி முழுவதையும் கொண்டுவந்தாலும் வீட்டை மீட்கும் உரிமை இல்லை.