பழைய புல்லட்டின் தகடுகள்: அசலும் நகலும்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடைப்பட்ட தொழில் வட்டாரத்தில் வல்லம் வடகால் என்றோர் ஊர் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு முதல் அங்கே ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் செய்யப்பட்டு வருகின்றன. புதிய வண்டிகள் பிறக்கும் ஊரின் பெயரைச் சொல்லிவிட்டு நான் பேசப்போவது பழைய வண்டியைப் பற்றி. ஆலையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த வண்டியில் எந்த உறுப்பு அசல், எது நகல் என்று எவரும் கேட்பதில்லை. ஐம்பது ஆண்டு ஓடிய வண்டியில் அதுவே முதற் கேள்வி.

மாணவர்கள் சிலர், இது செல்வர்களின் பொழுதுபோக்கு அல்லவா என்று எண்ணக்கூடும். உங்கள் பாட்டனார் ஓட்டிய புல்லட் ஒன்று மாட்டுக் கொட்டகையில் தூசி படிந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வந்து, "ஓட்டை விழுந்த இந்த டேங்க் எதற்கு? இதை எடுத்துக்கொண்டு பளபளக்கும் புதியதை மாட்டித் தருகிறேன்" என்கிறார். வீட்டார் மகிழ்ந்து கொடுத்துவிடுகிறார்கள். போனது இன்னதென்று தெரியாமலே போய்விடுகிறது. ஓட்டையைப் பற்றவைத்து அடைக்கலாம். அந்த டேங்கை மீண்டும் பெறுவது அரிது.

அமெரிக்காவில் இக்கலை பெரிதும் வளர்ந்துள்ளது. நடுத்தர உடலில் பெரிய எஞ்சினைப் பொருத்தி 1964ஆம் ஆண்டில் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. முதலிய கார்களை 'மசில் கார்' என்பர். அவற்றின் கதவுக்கும் மூடிக்கும் நகல் உண்டு. 1967ஆம் ஆண்டு மஸ்டாங்கின் முழு உடற்கூடே புதிதாகச் செய்து விற்கப்படுகிறது. நமக்கு அத்தகைய கார் இல்லை. அந்த இடத்தில் நம்மிடம் இருப்பது புல்லட்.

புல்லட்டின் வரலாறு சற்று விசித்திரமானது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ஆலையோடு கூட்டுச் சேர்ந்து, சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1955ஆம் ஆண்டில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். தொடக்கத்தில் உறுப்புகள் கப்பலில் வந்தன. திருவொற்றியூரில் வண்டியாக இணைக்கப்பட்டன. 1957இல் உறுப்புகளைச் செய்வதற்குரிய கருவிகளே இங்கு விற்கப்பட்டன. 1962 அளவில் எல்லா உறுப்புகளும் இந்நாட்டிலேயே ஆகலாயின. பின்னர் ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் அந்த நிறுவனத்தின் தயாரிப்பே நின்றுபோயிற்று. திருவொற்றியூரிலோ அதே புல்லட் தொடர்ந்து பிறந்தது. 1977 முதல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆயிற்று. தாய் மறைந்த பிறகு மகள் தாய்வீட்டுக்குச் சீர் கொண்டு போன கதை இது.

இனி உறுப்பை ஆராயும் வழிக்கு வருவோம். சென்னைப் புதுப்பேட்டையின் பழம்பொருள் கடைகளில் மட்கார்டுகளையும் டேங்குகளையும் பார்த்துத் திரிந்தவன் என்ற முறையில், கையில் ஒரு காந்தத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அதை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்துக. இழுப்பு எங்கும் ஒன்றுபோல் இருந்தால் நலம். ஓரிடத்தில் தளர்ந்தால் அங்கே பெயிண்டின் அடியில் பட்டி கனமாக அப்பப்பட்டிருக்கிறது என்று பொருள். அறவே ஒட்டாவிடில் அது இரும்பன்று. கண்ணாடி இழையில் வார்த்த நகலாகலாம்.

அடுத்தது எடை. தகட்டின் கனத்தை கேஜ் எண்ணால் குறிப்பார்கள். எண் கூடக் கூடத் தகடு மெலியும். 18 கேஜ் எஃகுத் தகடு ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் கனமுடையது; 22 கேஜ் 0.7 மில்லிமீட்டர். ஒரு சதுர அடித் தகட்டை நிறுத்தால் முன்னது சுமார் 890 கிராம், பின்னது சுமார் 520 கிராம் இருக்கும். செலவைக் குறைக்க மெல்லிய தகட்டில் நகல் செய்வோர் உண்டு. ஆகவே அசலென்று உறுதியான ஒன்றையும் ஐயத்திற்குரியதையும் தராசில் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிய சோதனை.

விளிம்பும் மடிப்பும் இன்னும் தெளிவாகப் பேசும். ஆலையில் ஆண் அச்சு, பெண் அச்சு என்னும் இரண்டுக்கும் நடுவே தகட்டை வைத்துப் பெரும் விசையால் அழுத்துவார்கள். மடிப்புகள் கூர்மையாக விழும். நகல் செய்பவரிடம் அந்த அச்சு இல்லை. அவர் பழைய உறுப்பின் வெளிப்புறத்தையே மாதிரியாகக் கொண்டு புதிய அச்சு செய்கிறார். அதன்மேல் மற்றொரு தகட்டைப் போர்த்தினால் அத்தகட்டின் கனம் மடிப்பின் வளைவோடு சேர்ந்துகொள்கிறது. நகலுக்கு நகல் எடுக்க எடுக்க மூலைகள் மழுங்கிக்கொண்டே போகும். சவர்க்காரக் கட்டி தேய்வதைப் போல.

பிறகு வண்டியின் அடிப்பக்கத்தைக் காணுங்கள். விற்பவர் மெருகூட்டுவது மேற்புறத்தைத்தான். ஆலையில் மின்சாரத்தால் புள்ளிப் பற்றவைப்பு செய்த இடங்களில் வட்டமான சிறு குழிகள் சீரான இடைவெளியில் தெரியும். பட்டறையில் கையால் பற்றவைத்த தையல் மேடுபள்ளமாக ஓடும். துளைகளையும் நோக்குக. பல்லாண்டு அதிர்வில் போல்ட் உராய்ந்த துளை சற்றே நீண்டிருக்கும், வாஷரின் வட்டத் தடமும் பதிந்திருக்கும். அமிலம் பூசி வரவழைத்த துரு எங்கும் ஒரே நிறமாகப் படர்வது. காலத்தால் வந்த துருவோ நீர் தங்கும் மடிப்புகளில் ஆழமாகவும் மற்ற இடங்களில் மேலோட்டமாகவும் அமைவது.

மரைகளும் சாட்சி சொல்லும். பழைய ஆங்கிலேய மரைகளை அங்குலத்துக்கு இத்தனை என்று எண்ணுவார்கள். அவற்றுள் விட்வர்த் வகையின் கோணம் 55 பாகை. மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. 1950களின் மட்கார்டு என்று சொல்லப்படும் ஒன்றில் பற்றவைத்த நட்டு மெட்ரிக் போல்ட்டை இனிதே ஏற்றுக்கொண்டால் ஐயுறுக. ஆனால் அது ஒன்றை மட்டும் கொண்டு முடிவு கட்டிவிடாதீர்கள். பழுது பார்த்தவர் நட்டை மட்டும் மாற்றியிருக்கவும் கூடும்.

டேங்கின் மேலுள்ள பொன்னிறக் கோடு தனி அழகு. அதைத் தூரிகையால் கையாலேயே இழுக்கும் கலைஞர்கள் சென்னையில் இருந்து வந்திருக்கிறார்கள். அக்கோட்டின் தொடக்கமும் முடிவும் உற்றுப் பார்த்தால் சிறிது வேறுபடும். ஒட்டிய கோடாயின் விளிம்பில் நகம் தடுக்கும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ரெட்டிச்சில் செய்த பழைய வண்டிக்குத் திருவொற்றியூரில் பின்னாளில் செய்த டேங்கைப் பொருத்தினால், அது அசலா, நகலா? இங்கிலாந்தில் பழைய வண்டியைப் புதுப்பிப்போர் இந்திய உறுப்புகளை வாங்கிப் பொருத்தியது உண்டு. ஒரே வடிவம், ஒரே மரபு. ஆண்டும் ஊரும் மட்டும் வேறு. அதனை நகல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் '1955ஆம் ஆண்டு டேங்க்' என்று சொல்லி விற்றால் அது பொய்யே. உறுப்பின் குறிப்பேட்டில் 'திருவொற்றியூர், பிற்காலம்' என்று எழுதிவிட்டால் போதும், வழக்கு தீர்ந்தது.

தகட்டை மாற்றுவது உரிமையாளர் விருப்பம். சேசிஸ் எண் அப்படிப்பட்டதன்று. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் சட்டத்தின் கழுத்தில் பொறித்த எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். அரத்தால் ராவி வேறு எண் பொறித்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சற்றே பள்ளமாக இருக்கும். விரல் நுனிக்கே அது தட்டுப்படும். ராவிய பிறகும் பழைய எண் முழுதும் அழிவதில்லை. பொறித்தபோது அடியிலுள்ள உலோகமும் நெருக்குண்டு மாறியிருப்பதால், தடய அறிவியல் ஆய்வாளர்கள் தக்க அமிலத்தைத் தடவி அவ்வெண்ணை மீண்டும் தோன்றச் செய்கிறார்கள். டேங்கில் ஏமாந்தவனுக்குப் பணம் போகிறது. இதில் ஏமாந்தவன் திருட்டு வண்டியோடு காவல் நிலையத்தில் நிற்க நேரிடும். ஆதலால் நான் பழைய வண்டியைப் பார்க்கப் போனால், டேங்கின் பளபளப்பைக் காணும் முன்னே, எண்ணின் மேல் படிந்த கிரீஸைத் துணியால் துடைக்கத்தான் கேட்பேன்.