அப்பாச்சி ஆக்சிஸ்

அப்பாச்சி ஆக்சிஸ் என்பது வழங்கிக் கணினியில் இயங்கும் மென்பொருட் கூறுகளை இணையச் சேவைகளாக வெளியிட உதவும் ஒரு திறந்த மூலநிரல் இடைநிலை மென்பொருள் ஆகும். இது ஜாவா மொழியில் எழுதப்பட்டது. அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் கீழ், தன்னார்வலர்களும் ஐபிஎம், மாக்ரோமீடியா போன்ற நிறுவனங்களின் பொறியாளர்களும் இணைந்து இதனை உருவாக்கினர். இதன் 1.0 பதிப்பு 2002 அக்டோபரில் வெளியானது. 1.4 பதிப்பு 2006 ஏப்ரலில் வெளியானது. அதுவே இவ்வரிசையின் கடைசிப் பதிப்பு ஆகும். இதனைத் தொடர்ந்து, அடித்தளத்திலிருந்து புதிதாக எழுதப்பட்ட அப்பாச்சி ஆக்சிஸ்2 வந்தது.

ஏற்கனவே எழுதப்பட்ட ஒரு நிரலை மாற்றி எழுதாமல், அதனைப் பிற கணினிகளும் பிற மொழி நிரல்களும் அழைக்கும்படி செய்வதே ஆக்சிஸின் பணியாகும். இப்பணியை இது மிகவும் எளிதாக்கியது. அந்த எளிமையே இதன் பரவலுக்கும், பின்னர் இதில் கண்டறியப்பட்ட சில பாதுகாப்புக் குறைகளுக்கும் காரணமாயிற்று.

தேவை

பெரிய நிறுவனங்களின் மென்பொருள்கள் பொதுவாகச் சிறு கூறுகளாகப் பிரித்து எழுதப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, ஒரு பல்கலைக்கழகத்தின் வழங்கியில் தேர்வு முடிவுகளைக் கையாளும் ஒரு ஜாவா வகுப்பு இருப்பதாகக் கொள்வோம். அவ்வகுப்பில் இரண்டு செயற்கூறுகள் உள்ளன. ஒன்று, பதிவெண்ணைப் பெற்று மதிப்பெண்ணைத் தருகிறது. மற்றொன்று, பதிவெண்ணையும் புதிய மதிப்பெண்ணையும் பெற்றுத் தரவுத்தளத்தில் திருத்தம் செய்கிறது. இவ்வகுப்பை அதே கணினியில் இயங்கும் மற்றொரு ஜாவா நிரல் எளிதாக அழைக்கலாம். ஆனால் வேறொரு ஊரில் விண்டோஸ் கணினியில் இயங்கும், விசுவல் பேசிக் மொழியில் எழுதப்பட்ட நிரல் இதனை எவ்வாறு அழைப்பது?

1990களில் இதற்குப் பல விடைகள் இருந்தன. கோர்பா, மைக்ரோசாப்டின் டிகாம், ஜாவாவின் ஆர்எம்ஐ ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. டிகாம் பெரும்பாலும் விண்டோசுக்கும், ஆர்எம்ஐ ஜாவாவுக்கும் உரியவை. கோர்பா எம்மொழிக்கும் பொதுவானது. ஆனால் கற்பதற்கும் நிறுவுவதற்கும் கடினமானது. மேலும் இம்மூன்றும் இருமவடிவில் செய்திகளை அனுப்பின. அவற்றை நிறுவனங்களின் தீயரண்கள் பெரும்பாலும் தடுத்துவிட்டன. இணையப் பக்கங்களுக்கான எச்டிடிபி நெறிமுறை மட்டும் ஏறத்தாழ எல்லாத் தீயரண்களையும் கடந்து சென்றது. எனவே, எச்டிடிபி வழியாக எக்ஸ்எம்எல் உரையாகச் செய்திகளை அனுப்பும் எண்ணம் வலுப்பெற்றது.

அடிப்படைச் சீர்தரங்கள்

ஆக்சிஸ் இரண்டு சீர்தரங்களின் மீது நிற்கிறது.

முதலாவது சோப். இது செய்தியின் வடிவத்தை வரையறுக்கிறது. ஒரு சோப் செய்தி அஞ்சல் உறை போன்றது. உறைக்குள் தலைப்பகுதி, உடற்பகுதி என இரண்டு பகுதிகள் உண்டு. எந்தச் செயற்கூறு எந்த மதிப்புகளுடன் அழைக்கப்படுகிறது என்பது உடற்பகுதியில் இருக்கும். பாதுகாப்பு, பரிமாற்ற அடையாளம் போன்ற துணைச் செய்திகள் தலைப்பகுதியில் இருக்கும். சோப் 1.1, 2000 மே மாதத்தில் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் குறிப்பாக வெளியானது. 1.2 பதிப்பு 2003 ஜூனில் அச்சேர்த்தியத்தின் பரிந்துரையாயிற்று.

இரண்டாவது டபிள்யூஎஸ்டிஎல். இது சேவையைப் பற்றிய ஒப்பந்தம் எனலாம். சேவையின் முகவரி, அதன் செயற்கூறுகள், அவை ஏற்கும் தரவு வகைகள், திருப்பித் தரும் தரவு வகைகள் ஆகியவற்றை இது எக்ஸ்எம்எல் வடிவில் விளக்குகிறது. இந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு, சேவையின் மூலநிரலைப் பார்க்காமலேயே, அதனை அழைக்கும் நிரலை எம்மொழியிலும் எழுதலாம். இதன் 1.1 பதிப்பு 2001 மார்ச்சில் வெளியானது.

வரலாறு

ஐபிஎம் நிறுவனம் உருவாக்கிய சோப்4ஜே என்ற நிரல் தொகுப்பு 2000ஆம் ஆண்டில் அப்பாச்சிக்கு வழங்கப்பட்டு, அப்பாச்சி சோப் என்னும் திட்டமாயிற்று. அது வரும் செய்தி முழுவதையும் முதலில் நினைவகத்தில் ஒரு மரவடிவாகக் கட்டியெழுப்பிய பின்னரே வேலையைத் தொடங்கியது. ஆகவே பெரிய செய்திகளுக்கு மிகுந்த நினைவகமும் நேரமும் தேவைப்பட்டன.

இக்குறையை நீக்க, அதன் 3.0 பதிப்பாகத் தொடங்கிய முயற்சியே ஆக்சிஸ் என்ற தனித் திட்டமாக வளர்ந்தது. "அப்பாச்சி எக்ஸ்டென்சிபிள் இன்டராக்சன் சிஸ்டம்" என்பதன் சுருக்கமே ஆக்சிஸ். 'விரிவாக்கத்தக்க ஊடாட்ட முறைமை' என இதனைத் தமிழில் கூறலாம். இது சாக்ஸ் என்ற பகுப்பு முறையைப் பயன்படுத்தியது. இம்முறையில் செய்தி வரவரத் தொடர்ச்சியாகப் படிக்கப்படுகிறது.

ஜாவாவின் இணையச் சேவைச் சீர்தரமான ஜாக்ஸ்-ஆர்பிசியை ஆக்சிஸ் நடைமுறைப்படுத்தியது. இதனால் அப்பாச்சி ஜெரோனிமோ போன்ற பெரிய பயன்பாட்டு வழங்கிகளின் உள்ளுறுப்பாகவும் அது இடம்பெற்றது.

இயங்கும் முறை

ஆக்சிஸ் பெரும்பாலும் டாம்கேட் போன்ற ஜாவா வழங்கியினுள் ஒரு சர்வ்லெட்டாக நிறுவப்படுகிறது. அதன் மையக் கருத்து கையாளிச் சங்கிலி ஆகும். கையாளி என்பது செய்தியைப் பெற்று, ஒரு சிறு வேலையைச் செய்து, அடுத்ததற்குக் கொடுக்கும் சிறு நிரலாகும். வரும் செய்தி பின்வரும் வரிசையில் செல்கிறது.

1. போக்குவரத்துச் சங்கிலி: செய்தி எச்டிடிபி வழியாக வந்ததா, வேறு வழியாக வந்ததா என்பதைப் பொறுத்த வேலைகளைச் செய்கிறது.
2. பொதுச் சங்கிலி: எல்லாச் சேவைகளுக்கும் பொதுவான வேலைகளைச் செய்கிறது. நிகழ்வுப் பதிவு இதற்கு எடுத்துக்காட்டு.
3. சேவைச் சங்கிலி: குறிப்பிட்ட சேவைக்கு மட்டும் உரிய வேலைகளைச் செய்கிறது. அழைப்பவரின் கடவுச்சொல்லைச் சரிபார்த்தல் இதில் அடங்கும்.
4. திருப்புமுனைக் கையாளி: எக்ஸ்எம்எல் உரையில் உள்ள மதிப்புகளை ஜாவா மதிப்புகளாக மாற்றி, உண்மையான கூறினை அழைக்கிறது.

கூறு தரும் விடை மீண்டும் எக்ஸ்எம்எல் உரையாக மாற்றப்பட்டு, சேவை, பொது, போக்குவரத்து என்ற எதிர் வரிசையில் வெளியேறுகிறது. தான் இணையம் வழியாக அழைக்கப்பட்டோம் என்பது அந்தக் கூறுக்குத் தெரிய வேண்டியதில்லை. திருப்புமுனைக் கையாளியை மாற்றினால் போதும். சாதாரண ஜாவா வகுப்புக்குப் பதிலாக என்டர்பிரைஸ் ஜாவா பீன் போன்ற கூறுகளையும் அழைக்கலாம்.

வெளியிடும் வழிகள்

ஆக்சிஸில் ஒரு கூறினைச் சேவையாக்க மூன்று வழிகள் உண்டு.

உடனடி வெளியீடு: ஜாவா மூலநிரல் கோப்பின் பின்னொட்டை 'ஜேடபிள்யூஎஸ்' என மாற்றி, ஆக்சிஸின் அடைவில் வைத்தால் போதும். முதல் அழைப்பு வரும்போது ஆக்சிஸ் அதனைத் தொகுத்துச் சேவையாக இயக்கும். ஆனால் நிரலில் பிழை இருந்தால் வெளியிட்ட பின்னரே அது தெரியவரும். ஆகவே இது சிறு முயற்சிகளுக்கே ஏற்றது.

விவரக் கோப்பு வழி வெளியீடு: சேவையின் பெயர், வகுப்பின் பெயர், வெளியிடவேண்டிய செயற்கூறுகள், கையாளிகள் ஆகியவற்றை ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி, ஆக்சிஸின் நிர்வாகச் சேவைக்கு அனுப்ப வேண்டும். இவ்வழியில் வகுப்பின் மூலநிரல் தேவையில்லை. தொகுக்கப்பட்ட வகுப்பு இருந்தாலே போதுமானது.

ஒப்பந்தம் வழி வெளியீடு: முதலில் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பை எழுதி, அதிலிருந்து ஜாவா நிரலின் கூட்டை ஆக்சிஸின் கருவி மூலம் உருவாக்க வேண்டும். பின்னர் அக்கூட்டினுள் உண்மையான நிரலை எழுத வேண்டும்.

முதல் இரண்டு வழிகளில் ஒப்பந்தம் நிரலிலிருந்து தானாகப் பிறக்கிறது. இதில் ஓர் இடர் உண்டு. ஒரு செயற்கூறு ஜாவாவுக்கே உரிய தொகுப்பு வகை ஒன்றைத் திருப்பித் தருமானால், மறுமுனையிலும் ஆக்சிஸ் இருக்கும்போது அது சரியாக வேலை செய்யும். டாட்நெட் நிரலுக்கோ அது புரியாமல் போகலாம். எனவே வெவ்வேறு மொழிகளுக்கு இடையே பயன்படும் சேவைகளுக்கு மூன்றாம் வழியே சிறந்ததாகக் கருதப்படுகிறது.

வெளியிடும் எல்லை

விவரக் கோப்பில், அனுமதிக்கப்பட்ட செயற்கூறுகளைக் குறிப்பிட ஓர் இடம் உண்டு. அங்கு செயற்கூறுகளின் பெயர்களைத் தனித்தனியாக எழுதலாம். ஓர் உடுக்குறியை மட்டும் இட்டால் வகுப்பின் பொதுச் செயற்கூறுகள் அனைத்தும் வெளியாகும். முன்னர்க் கூறிய தேர்வு முடிவு வகுப்பில் உடுக்குறியை இட்டால், மதிப்பெண்ணைப் பார்க்கும் செயற்கூறுடன் மதிப்பெண்ணைத் திருத்தும் செயற்கூறும் சேவையாகிவிடும். இரண்டுமே டபிள்யூஎஸ்டிஎல் விளக்கத்தில் இடம்பெறும். அதனை எவரும் உலாவியில் படிக்கலாம்.

ஒரு கூறினை எழுதியவர், அதனை நம்பிக்கைக்குரிய நிரல்களே அழைக்கும் என்று எண்ணி எழுதியிருக்கலாம். அதே கூறு இணையச் சேவையாகும்போது அந்த எண்ணம் பொருந்தாது. இடைநிலை மென்பொருள் அழைப்பைக் கொண்டுசேர்க்கிறது. அழைக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை அது தானாக முடிவு செய்வதில்லை. அதனை நிறுவுபவரே கையாளிகளின் மூலம் வரையறுக்க வேண்டும்.

ஆக்சிஸ்2

2004 ஆகஸ்டில் இலங்கையின் கொழும்பு நகரில் நடந்த கூட்டத்தில் ஆக்சிஸின் அடுத்த தலைமுறைக்கான கட்டமைப்பு விவாதிக்கப்பட்டது. ஆக்சிஸ்2 உருவாக்கத்தில் லங்கா மென்பொருள் அறக்கட்டளையைச் சார்ந்த இலங்கை நிரலர்களின் பங்கு பெரிது. டபிள்யூஎஸ்டிஎல் 1.1 ஆவணத்தின் ஆசிரியர்களுள் ஒருவரான சஞ்சீவ வீரவரண இவ்வறக்கட்டளையின் நிறுவனர்களுள் ஒருவர். 2005இல் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தையும் இவர் தொடங்கினார். ஆக்சிஸ்2 1.0 பதிப்பு 2006 மே மாதத்தில் வெளியானது.

ஆக்சிஸ்2இன் முக்கிய மாற்றங்கள்:

- ஆக்சியம் என்ற புதிய எக்ஸ்எம்எல் மாதிரி. செய்தியின் எப்பகுதி தேவைப்படுகிறதோ அப்பகுதி வரை மட்டுமே இது மரவடிவைக் கட்டும்.
- ஒரு சேவைக்குரிய கோப்புகள் அனைத்தையும் ஒரே காப்பகக் கோப்பாக அடைத்து நிறுவும் வசதி. வழங்கியை நிறுத்தாமலேயே இதனைச் செய்யலாம்.
- கூடுதல் வசதிகளைத் தனித்தனித் தொகுதிகளாக இணைத்தல். பாதுகாப்புக்கு ராம்பார்ட், நம்பகமான செய்திப் பரிமாற்றத்துக்குச் சந்தேச ஆகிய தொகுதிகள் உள்ளன. சந்தேச என்னும் பெயர் செய்தி எனப் பொருள்படும். தமிழின் 'சந்தேசம்' என்ற சொல்லும் இதே வேரினதாகும்.

சி மொழியில் எழுதப்பட்ட ஆக்சிஸ்2/சி என்ற வடிவமும் வெளியிடப்பட்டது.

பாதுகாப்புக் குறைகள்

2010இல், ஆக்சிஸ்2 உடன் வரும் நிர்வாகப் பக்கத்தின் இயல்புநிலைக் கடவுச்சொல் ஒரு பாதுகாப்புக் குறையாகப் பதிவு செய்யப்பட்டது. அக்கடவுச்சொல் ஆவணங்களிலேயே அச்சிடப்பட்டிருந்தது. ஆக்சிஸ்2ஐத் தம்முள் கொண்ட சில வணிக மென்பொருள்கள் அதனை மாற்றாமலேயே விற்கப்பட்டன. நிர்வாகப் பக்கத்தினுள் நுழைந்தவர் புதிய சேவையை ஏற்றி, தமக்கு வேண்டிய நிரலை வழங்கியில் இயக்க முடியும்.

2012இல் டெக்சாஸ் பல்கலைக்கழகம், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் மறையாக்க இணைப்புகளைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். மறுமுனையில் உள்ள வழங்கி தரும் சான்றிதழ் அவ்வழங்கியின் பெயருக்கு உரியதுதானா என்பதை ஆக்சிஸ், ஆக்சிஸ்2 ஆகிய இரண்டும் சரிபார்க்கவில்லை என்பது அதில் தெரியவந்தது. இடையில் நிற்கும் ஒருவர் வேறு பெயருக்குரிய சான்றிதழைக் காட்டி இணைப்பைக் கைப்பற்ற இது இடமளித்தது. இந்நூலகங்களின் மேல் கட்டப்பட்ட, கட்டணம் செலுத்தும் மென்பொருள்களும் இக்குறைக்கு உள்ளாயின.

2019இல் அறியப்பட்ட குறை வேறு வகையானது. ஆக்சிஸ் 1.4 உடன் பங்கு விலையைத் தரும் மாதிரிச் சேவை ஒன்று வழங்கப்பட்டது. அது விலையைப் பெற ஒரு வெளித் தளத்தை அணுகியது. அத்தளத்தின் ஆள்களப் பெயர் காலாவதியாகி, விலைக்கு வாங்கத்தக்க நிலையில் இருந்தது. அப்பெயரை வாங்குபவர், தம்மிடம் வரும் கோரிக்கையை அந்த வழங்கியின் சொந்த முகவரிக்கே திருப்பிவிடலாம். அதே கணினியிலிருந்து வரும் கட்டளைகளை மட்டுமே ஏற்கும் நிர்வாகச் சேவை, இவ்வாறு திரும்பிய கட்டளையை நம்பி ஏற்றுக்கொண்டது. கற்பதற்காக வைக்கப்பட்ட மாதிரியை நீக்காமல் விட்ட வழங்கிகள் இதனால் இடருக்கு உள்ளாயின.

இன்றைய நிலை

2006க்குப் பின் ஜாவாவில் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் என்ற புதிய சீர்தரமும், அப்பாச்சி சிஎக்ஸ்எப் போன்ற பிற திறந்த மூலநிரல் தொகுப்புகளும் பரவின. ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் ஜாவா 6இல் சேர்க்கப்பட்டு, 2018இல் வெளியான ஜாவா 11இல் நீக்கப்பட்டது. பொதுமக்களுக்கான இணையச் சேவைகளில் சோப்பின் இடத்தைப் பெரும்பாலும் ரெஸ்ட் பாணியும் ஜேசான் வடிவமும் எடுத்துக்கொண்டன. ரெஸ்ட் பாணியை 2000இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் வரையறுத்த ராய் பீல்டிங், அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் நிறுவனர்களுள் ஒருவர் ஆவார்.

ஆக்சிஸ்2இன் புதிய பதிப்புகள் 2020களிலும் வெளிவந்துள்ளன. ஆனால் ஆக்சிஸ் 1 வரிசை ஆதரவுக்காலம் முடிந்ததாக அறிவிக்கப்பட்டுள்ளது. ஆக்சிஸ்2 அல்லது வேறொரு தொகுப்புக்கு மாறுமாறு அதன் பராமரிப்பாளர்கள் பரிந்துரைக்கின்றனர். பழைய நிறுவல்களை வைத்திருப்போர் மாதிரிச் சேவைகளையும் நிர்வாகச் சேவையையும் நீக்குவதும், வெளியிடப்பட்ட செயற்கூறுகளின் பட்டியலைச் சரிபார்ப்பதும் இன்றியமையாதவை ஆகும்.