வேடந்தாங்கலில் எத்தனை கூடுகள்?

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு ஏறக்குறைய 30 ஹெக்டேர்தான். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில் அங்குள்ள மரங்களில் நாரைகளும் நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும். மழை பொய்த்தால் வந்த பறவைகளும் தங்காமல் வேறு நீர்நிலை தேடிப் போய்விடும். உயிரற்ற காரணிகளான மழையும் வெயிலும் ஓர் உயிரினத்தின் எண்ணிக்கையை எப்படி ஆட்டுவிக்கின்றன என்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

ஏரித் தண்ணீர் பறவைகளுக்குக் காவலும் கூட. கடம்பும் கருவேலமும் இடுப்பளவு நீரில் நிற்கும்போது அடிமரத்தைச் சுற்றி அகழி வெட்டியது போலாகிவிடுகிறது. தரைவழி வரும் கீரியோ காட்டுப்பூனையோ கூட்டை நெருங்குவது கடினம். நீர் வற்றினால் அந்தக் காவல் போய்விடும்.

இரையும் மழையைப் பொறுத்ததே. நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாது. பாக்குவெட்டி போல இடைவெளி தெரியும். அலகின் கூர்நுனியை நத்தையின் மூடிக்குள் செலுத்தி, ஓட்டோடு ஒட்டிய தசையை அறுத்துச் சதையை அப்படியே உருவிவிடும். இந்த நத்தைகள் கோடையில் சேற்றுக்குள் புதைந்து மூடியை இறுக்கிக்கொண்டு கிடப்பவை. வயலில் நீர் பாய்ந்தால்தான் வெளியே வரும். ஆகவே மழை, நத்தை, குஞ்சு மூன்றும் ஒரே சங்கிலி. உயிருள்ளது, உயிரற்றது என்று பாடநூல் பிரிப்பது படிப்பவரின் வசதிக்காகத்தான். ஏரியில் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

ஆனால் இரண்டும் செயல்படும் விதம் வேறு. வறட்சி நூறு பறவை, பத்தாயிரம் பறவை என்று பேதம் பார்ப்பதில்லை. உயிருள்ள காரணிகள் பலவோ கூட்டத்தைப் பார்த்துத்தான் கடுமை காட்டும். பறவை பெருகினால் நல்ல கிளைக்குச் சண்டை வரும். பிந்தி வந்தவை ஓரத்துக் கிளைகளில் கட்டும். காக்கைக்கும் பருந்துக்கும் முட்டை எளிதாகக் கிடைக்கும். இரைக்காகத் தாய்ப்பறவை தொலைவு போக நேர்ந்தால் கூட்டில் இளைய குஞ்சு பட்டினி கிடக்கும். நெருக்கம் தொற்றுநோய்க்கும் வழிவிடும். இப்படி எண்ணிக்கை ஏற ஏறத் தடை இறுகி, ஓர் எல்லையில் பெருக்கம் நிற்கும். அந்த எல்லையைத்தான் தாங்குதிறன் என்பார்கள். அதுவும் நிலையானதல்ல. நல்ல மழைக்கு உயரும், வறட்சியில் தாழும்.

பறவைகளும் சும்மா இருப்பதில்லை. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது. இதை அனுபவத்தில் அறிந்த ஊர்மக்கள், வேட்டையைத் தடுக்கக் கோரி 1798-லேயே செங்கல்பட்டுக் கலெக்டரிடம் உத்தரவு பெற்றார்கள். அவர்களின் அக்கறையும் இந்த எண்ணிக்கையைக் காத்த ஓர் உயிருள்ள காரணிதான். ஆனால் அதே எச்சம் மரத்தில் அளவுமீறிப் படிந்தால் இலையும் கிளையும் கருகி, அடுத்த பருவத்தில் கூடு கட்ட இடம் குறையும்.

ஓராண்டு மழை தவறினால் பறவை இனம் அழிந்துவிடாது. பல ஆண்டுகள் வாழும் பறவைகள் இவை. ஏரி நிரம்பினால் திரும்ப வரும். ஆனால் வயலில் தெளிக்கும் நஞ்சால் நத்தையும் மீனும் அற்றுப்போனால், ஏரி நிரம்பிய ஆண்டிலும் குஞ்சுகளுக்கு இரை கிடைக்காது.