கிரான்வில் தொடருந்து நிலையம்: வரலாறும் சேவைகளும்

சிட்னியின் மேற்குப் புறநகரில் வசிக்கும் தமிழ் மக்களுள் பெரும்பாலோர், டூங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வேர்த்வில், வெஸ்ட்மீட் ஆகிய நிலையங்களில் ஏறி நகருக்குச் செல்லும்போது கிரான்விலைக் கடந்தே செல்கின்றனர். இறங்கி வண்டி மாறுவோர் தவிர ஏனையோருக்கு அது சாளரத்தின் வழியே தெரிந்து மறையும் ஒரு பெயர்ப்பலகை மாத்திரமே. ஆயினும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தொடருந்து வரலாறு தொடங்கிய இடங்களுள் அது ஒன்று. அம்மாநிலம் பயணிகளின் பாதுகாப்பைப் பற்றிக் கொடிய முறையில் பாடம் கற்றதும் அந்நிலையத்தின் அருகிலேதான்.

1849ஆம் ஆண்டு தனியார் முதலீட்டில் தொடங்கப்பட்ட சிட்னி இருப்புப்பாதைக் கம்பனி, 1850இல் ரெட்ஃபேர்னில் முதல் மண்ணை வெட்டிப் பணியை ஆரம்பித்தது. மறு ஆண்டே தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. கூலியாட்கள் மண்வெட்டிகளோடு தங்க வயல்களுக்குச் சென்றனர். கூலியும் பொருள் விலையும் ஏறின. கம்பனியின் கையிருப்புக் கரைந்தது. இறுதியில் அரசே அதனை வாங்கிப் பணியை நிறைவு செய்தது. 1855 செப்டெம்பர் 26ஆம் நாள், நியூட்டவுன், ஆஷ்ஃபீல்ட், பேர்வுட், ஹோம்புஷ் ஆகிய நிலையங்களினூடாகச் சுமார் 22 கிலோமீற்றர் நீளமான பாதையில் முதல் பயணிகள் வண்டி ஓடியது. வரலாற்று நூல்கள் இதனைச் சிட்னி–பரமட்டா பாதை என்று குறிப்பிடுகின்றன. ஆனால் அன்றைய முடிவிடம் இன்றைய பரமட்டா நிலையம் அன்று. கிரான்விலை ஒட்டிய இடமாகும். பரமட்டா நகருக்குள் பாதை சென்றடைந்தது 1860இல். இதற்கிடையே 1856இல் லிவர்பூல் நோக்கிய கிளைப்பாதை திறக்கப்பட்டமையால், இவ்விடம் 'பரமட்டா சந்தி' என வழங்கலாயிற்று. 1880இல் அக்காலப் பிரித்தானிய வெளிநாட்டு அமைச்சர் கிரான்வில் பிரபுவின் பெயர் ஊருக்குச் சூட்டப்பட்டது. பின்னர் அருகிலிருந்த கிளைட் தொழிற்சாலைகளில் தொடருந்து இயந்திரங்களும் பெட்டிகளும் உருவாக்கப்பட்டமையால், ஊரின் உழைப்பும் இருப்புப்பாதையோடு பிணைந்தது.

1977 சனவரி 18ஆம் நாள் காலை 8 மணி கடந்து சில நிமிடங்களில், மவுண்ட் விக்டோரியாவிலிருந்து வேலைக்குச் செல்வோரை ஏற்றி வந்த எட்டுப் பெட்டி வண்டி, நிலையத்தை நெருங்கும் வேளையில் தடம் புரண்டது. அதன் இயந்திரம் போல்ட் வீதி மேம்பாலத்தைத் தாங்கிய தூண்களை முறித்தது. முதற் பெட்டி மின்கம்பத்தில் மோதிக் கிழிந்ததில் எண்மர் இறந்தனர். சில நொடிகளில், தூண்களை இழந்த பாலத்தின் தளம் மூன்றாம், நான்காம் பெட்டிகளின்மீது வீழ்ந்தது. மூன்றாம் பெட்டியில் 44 பேரும் நான்காம் பெட்டியில் 31 பேரும் உயிரிழந்தனர். மொத்தம் 83 பேர். காயமுற்றோர் இருநூற்றுக்கும் அதிகமானோர். அவுஸ்திரேலியத் தொடருந்து வரலாற்றில் இதனினும் பெரிய உயிரிழப்பு நேர்ந்ததில்லை.

வண்டியின் வேகமோ சாரதியின் தவறோ இதற்குக் காரணம் அன்று. தண்டவாளங்கள் கட்டைகளோடு உறுதியாகப் பிணைக்கப்படாமல் இருந்தன. இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட தூரம் இருக்கவேண்டிய அளவைக் கடந்து அகன்றிருந்தது. விசாரணை, பாதையின் பராமரிப்புக் குறைவையே மூலகாரணமாகக் கண்டது. பாலத்தின் தளத்தை வீதியின் உயரத்திற்குக் கொண்டுவருவதற்காக முன்னர் இடப்பட்ட கொங்கிரீட் அதன் எடையைப் பெருக்கியிருந்தமை, வீழ்ந்த பாரத்தை மேலும் கொடியதாக்கிற்று. அதன்பின் பாதைப் பராமரிப்பிற்கு நிதி ஒதுக்கப்பட்டது. ஏனைய மேம்பாலங்களின் தூண்களும் வலுப்படுத்தப்பட்டன. இன்றைய போல்ட் வீதிப் பாலம் இடைத்தூண் எதுவுமின்றி ஒரே வீச்சில் பாதையைக் கடப்பதற்குக் காரணமும் இதுவே.

மாநில அரசு நாடாளுமன்றத்தில் முறைப்படி மன்னிப்புக் கோரியது 2017 மே மாதத்தில். அதாவது நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னர். அவ்வாண்டிலேயே, தாயின் வயிற்றில் இருந்த ஒரு குழந்தையும் 84ஆவது உயிராகக் கணக்கில் கொள்ளப்பட்டது. இங்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இம்மாநிலத்தின் 2002ஆம் ஆண்டுக் குடியியல் பொறுப்புச் சட்டத்தின்படி, மன்னிப்புக் கோருதல் தவற்றை ஒப்புக்கொண்டதாகப் பொருள்படாது. குடியியல் வழக்கில் அதனைச் சான்றாகவும் காட்ட முடியாது. மன்னிப்புக் கேட்க அஞ்சித் திணைக்களங்கள் மௌனம் காப்பதைத் தவிர்க்கவே இவ்விதி இயற்றப்பட்டது. ஆயினும் 'வருந்துகிறோம்' என்பதும் 'எம்மை மன்னியுங்கள்' என்பதும் தமிழில் ஒன்றல்ல. முன்னையது துக்கத்தில் பங்குகொள்வது. பின்னையது கடனை ஏற்பது. அவ்வாண்டு கூறப்பட்டதை மன்னிப்பு என்றே தமிழில் எழுதவேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பாலத்தருகே இறந்தோரின் பெயர்கள் பொறித்த நினைவுச் சுவர் உள்ளது. ஆண்டுதோறும் சனவரி 18 அன்று உறவினரும் மீட்புப் பணியாளரும் கூடி, தண்டவாளத்தின்மீது ரோசாப் பூக்களை வீசி அஞ்சலி செலுத்துகின்றனர். எவரும் கலந்துகொள்ளலாம்.

இனிச் சேவைகள். தெற்கே லிவர்பூல், லெப்பிங்டன் செல்லும் பாதையும் மேற்கே பரமட்டா கடந்து நீல மலைகள் நோக்கிச் செல்லும் பாதையும் கிரான்விலில் பிரிகின்றன. T2 தடத்தின் வண்டிகளே இங்கு முதன்மையானவை. T1 வண்டிகளுள் பல இங்கு நிற்பதில்லை. ஆகவே மேடையிலுள்ள மின்பலகையைப் பார்த்து ஏறுதல் நன்று. வென்ட்வேர்த்வில், பெண்டில் ஹில் பகுதிகளிலிருந்து மெரிலண்ட்ஸ், ஃபேர்ஃபீல்ட், கப்ரமட்டா செல்வோர் பலர் கிரான்வில் வந்து வண்டி மாறுகின்றனர். அது அவசியமன்று. T5 கம்பர்லாந்துத் தடத்தின் வண்டிகள் கிரான்விலைத் தொடாமல், ஹாரிஸ் பார்க்கிலிருந்து நேரே மெரிலண்ட்ஸ் செல்கின்றன. அவை அடிக்கடி வருவதில்லை என்பதால், நேர அட்டவணையைப் பார்த்துப் புறப்படுவோருக்கு மிகப் பயன்படும்.

மேடைகளுக்கு மின்தூக்கி வசதி உண்டு. சக்கர நாற்காலியில் வருவோர் நிலைய ஊழியரிடமோ வண்டிக் காவலரிடமோ கூறினால், ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சாய்தளப் பலகை வைத்துதவுவர். இதனைக் கேட்பதற்குக் கூச்சம் வேண்டா. அது அவர்களது கடமை. இரவில் தனியே பயணிப்போர், காவலர் இருக்கும் பெட்டியை அதன் நீல விளக்கால் அறிந்து அதனருகே அமரலாம். மேடையிலுள்ள உதவிக் கம்பத்தின் பொத்தானை அழுத்தினால் கட்டுப்பாட்டு நிலையத்தோடு பேசலாம்.

ஓப்பல் அட்டையை ஏறும் நிலையத்திலும் இறங்கும் நிலையத்திலும் தொடவேண்டும்; இறங்கும்போது தொடாவிடின் அப்பயணத்திற்குரிய உச்சக் கட்டணம் அறவிடப்படும். திங்கள் முதல் வியாழன் வரையான நாள்களில் காலை 6.30 முதல் 10 மணி வரையும் மாலை 3 முதல் 7 மணி வரையும் நெரிசல் நேரமாகும். அவை தவிர்ந்த வேளைகளிலும், வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் பொது விடுமுறை நாள்களிலும் தொடருந்துக் கட்டணம் 30 விழுக்காடு குறைவு. ஓய்வூதியர்க்கும் தகுதியுள்ள முதியோர்க்கும் வழங்கப்படும் பொன்னிற அட்டைக்கு நாளொன்றின் உச்சக் கட்டணம் 2.50 டொலர். முதியோர் அட்டை இம்மாநிலத்தில் நிரந்தரமாக வசிப்போருக்கே உரியது. வருகை விசாவில் வந்து பேரப்பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பெற்றோர், வயது எழுபதைக் கடந்தவராயினும், வளர்ந்தோருக்குரிய முழுக் கட்டணமே செலுத்தவேண்டும். பிள்ளையின் அட்டையையோ அயலவரின் பொன்னிற அட்டையையோ அவர்களிடம் கொடுத்தனுப்புவது அன்பினால் செய்யப்படுவதாயினும் குற்றமே. தண்டப்பணம் 200 டொலர்.

தண்டச் சீட்டு வந்துவிட்டால் அதனை மேசை அறைக்குள் வைத்து மறந்துவிடுதல் ஆகாது. காலக்கெடு கடந்தால் மேலதிகச் செலவு சேரும். வாகன அனுமதிப் பத்திரமும் பாதிக்கப்படலாம். மாநில வருவாய்த் திணைக்களத்திடம் மீளாய்வு கோரலாம். அல்லது வழக்கை நீதிமன்றம் கொண்டுசெல்லத் தெரிவு செய்யலாம். பணம் கட்ட இயலாத கடும் பொருளாதார நெருக்கடியில் உள்ளோரும், மனநோய், அறிவுத்திறன் குறைபாடு முதலியவற்றால் இடருறுவோரும், 'வேலை மற்றும் மேம்பாட்டு ஆணை' என்னும் ஏற்பாட்டின்கீழ் ஊதியமற்ற பணி, பயிற்சிநெறி, மருத்துவ சிகிச்சை ஆகியவற்றின் வாயிலாகத் தண்டத்தைத் தீர்க்கலாம். எமது சமூகத்தில் இவ்வேற்பாட்டைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே எனத் தோன்றுகிறது.

பயண விபரங்களுக்கு 131 500 என்னும் இலக்கத்தையும், சட்டத் தகவல்களுக்கு 1300 888 529 என்னும் இலக்கத்தையும் அழைக்கலாம். ஆங்கிலத்தில் பேசுவது கடினமாயின் முதலில் 131 450 இலக்கத்தை அழைத்து, 'தமிழ்' என்று மட்டும் கூறுங்கள். உரைபெயர்ப்பாளர் இணைப்பில் வந்தபின், நீங்கள் பேசவேண்டிய அலுவலகத்தின் இலக்கத்தை அவரிடம் கொடுக்கலாம்.