மணம் காட்டும் நாள்

ஆப்பிளை அரியும்போது விதையறையில் புழு நெளிவதைக் கண்டால், அது பெரும்பாலும் காட்லிங் அந்துப்பூச்சியின் புழுவாக இருக்கும். தாய்ப்பூச்சி இலையிலோ காயின் மேலோ முட்டையிடும். பொரித்த புழு, ஏறத்தாழ ஒரு நாளுக்குள் காயைத் துளைத்து விதையை நோக்கிச் சென்றுவிடும். உள்ளே புகுந்த புழுவை மேலே தெளிக்கும் மருந்து எட்டாது. ஆகவே உழவர்க்கு வேண்டுவது கொடிய நஞ்சன்று, சரியான நாள்.

அந்நாளை அறியாத காலத்தில், அமெரிக்காவின் வாசிங்டன் மாநில உழவர்கள் ஈய ஆர்சனேட்டைத் திரும்பத் திரும்பத் தெளித்தனர். அங்குள்ள பழைய தோட்ட நிலங்கள் பலவற்றில் அந்த ஈயமும் ஆர்சனிக்கும் இன்றும் நீங்காமல் கிடக்கின்றன.

நாளை அறியும் வழி மணத்தில் இருந்தது. பெண் அந்துப்பூச்சி காற்றில் விடும் நுண்மணத்தை ஆண் தன் உணர்கொம்புகளால் அறிந்து நாடி வரும். 1959இல் செருமானிய வேதியியலறிஞர் அடால்ஃப் புட்டனான்ட், ஏறத்தாழ 5 இலட்சம் பட்டு அந்துப்பூச்சிகளிலிருந்து இத்தகைய மணப்பொருளை முதன்முதலாகப் பிரித்தறிந்தார். கிடைத்ததோ சில மில்லிகிராம்! காட்லிங் பூச்சியின் மணப்பொருள் 1971இல் கண்டறியப்பட்டது.

இனக்கவர்ச்சிப் பொறி மிக எளியது. கூடாரம் போல் மடித்த அட்டை. உள்ளே பசை தடவிய தட்டு. நடுவே செயற்கை மணம் ஊறிய இரப்பர் துண்டு. மணத்தை நாடி வரும் ஆண் பூச்சிகள் பசையில் ஒட்டிக்கொள்ளும். இதனைக் கொல்லும் கருவி என்று கருதுவோர் உண்டு. ஆனால் சிக்காத ஓர் ஆண் பல பெண்களுடன் கூடவல்லது. எனவே இப்பொறியால் மட்டும் பூச்சி ஒழிவதில்லை. இதன் பயன் எண்ணிக்கையில் உள்ளது.

இளவேனிலில் ஆண் பூச்சிகள் தொடர்ந்து சிக்கத் தொடங்கும் நாளை உழவர் குறித்துக்கொள்வார். அன்றுமுதல், நாள்தோறும் சராசரி வெப்பநிலை 10 பாகை செல்சியசை எவ்வளவு விஞ்சியது எனக் கூட்டி வருவார். கூட்டுத்தொகை ஏறத்தாழ 140 ஆகும்போது முட்டைகள் பொரிக்கத் தொடங்கும். சராசரி 17 பாகை எனில் நாளொன்றுக்கு 7 சேரும். 20 நாளில் கணக்கு நிறையும். குளிர் நீடித்தால் நாள்களும் நீளும். மருந்து தெளிக்க வேண்டிய வேளை அதுவே.

வேறொரு முறையும் உண்டு. தோட்டம் முழுவதும் இம்மணத்தைப் பரப்பினால், பெண் எங்கிருக்கிறது என்று அறியாமல் ஆண் அலையும், இனப்பெருக்கம் குறையும். ஆனால் அங்கே பொறி வெறுமையாக இருந்தால் பூச்சியே இல்லையா, அல்லது பொறியையும் கண்டுபிடிக்க இயலாமல் அலைகிறதா என்ற ஐயம் எழுகிறது. பழுத்த பேரிக்காயின் மணப்பொருள் ஒன்று ஆணையும் பெண்ணையும் ஒருங்கே ஈர்ப்பதை 2001இல் ஆய்வாளர் வெளியிட்டனர். இன்று அதனையும் பொறியில் சேர்த்து, சிக்கும் பெண் பூச்சிகளையும் எண்ணுகின்றனர்.