பழைய வண்டியும் புதிய பொறுப்பும்

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் ஒரு தந்தையும் மகனும் பங்குமனைத் திண்ணையில் வந்து அமர்ந்தனர். மகனுக்கு வயது இருபத்து நான்கு, தொழிற்சாலையில் வேலை. முன்பு ஒருவர் ஓட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்க அவன் விரும்பினான். "சாமி, எவனோ ஓட்டிக் கழித்ததைக் காசு கொடுத்து வாங்கி, உயிரையும் பணயம் வைக்க வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்" என்றார் தந்தை. மகன் தலைகுனிந்திருந்தான். இந்த வழக்கு இன்று பல வீடுகளில் நடைபெறுவதை நான் அறிவேன். ஆதலின், அதன் பின் நாங்கள் செய்ததை இங்கு எழுதுவது குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

அவன் விரும்பியது ஹோண்டா சி.பி.ஆர். 250 ஆர். என்னும் வண்டி. 2011ஆம் ஆண்டு இந்தியச் சந்தைக்கு வந்த இதன் விற்பனை 2020இல் நின்றுவிட்டது. ஆகவே இன்று இது கைமாறித்தான் கிடைக்கும். ஏறத்தாழ 250 சி.சி. கொண்ட ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், 6 கியர், ரேடியேட்டர், 13 லிட்டர் டாங்க் ஆகியவை உடையது. பந்தய வண்டியின் விரைவையும் நெடும்பயணத்திற்குரிய வசதியையும் ஒருங்கே தரும் 'ஸ்போர்ட் டூரிங்' வகையைச் சேர்ந்தது. எதிர்க்காற்றைத் தடுக்க முகப்பிலும் விலாவிலும் பிளாஸ்டிக் கவசம் உண்டு. வண்டிக்கு அழகு தருவது அக்கவசமே. குறைகளை மறைப்பதும் அதுவே.

தந்தையின் அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1998இல், இளம் குருவாக இருந்தபோது, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். கிளைக் கிராமத்துத் திருவிழா நெருங்கியமையால் டாங்கிற்குப் புதுப் பெயின்ட் அடித்தேன். தேய்ந்த முன் டயரை அடுத்த மாதம் மாற்றலாம் என்று விட்டுவிட்டேன். ஓர் இரவு, நோயில்பூசுதல் அளிக்க வருமாறு அழைப்பு வந்தது. முதல் மழையில் நனைந்த சாலை. வளைவில் வண்டி சறுக்கியது. எனக்குப் பெரிய காயம் இல்லை. ஆனால் நடந்து நான் அவ்வீட்டை அடைந்தபோது அந்தப் பெரியவரின் கண்கள் மூடப்பட்டிருந்தன. எவரும் என்னைக் குறை கூறவில்லை. இன்றும் டயர் கடையைக் கடக்கும்போதெல்லாம் அந்த வீடு என் நினைவுக்கு வருகிறது.

எனவே அந்த இளைஞனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "தம்பி, வாங்கும் பணத்தோடு, சீர்செய்யும் பணமும் உன் கையில் உண்டா?" இல்லை என்றான். நான்கு மாதம் பொறுத்துச் சேமித்துக்கொண்டு வந்தான். அதன் பின்னரே பங்கில் உள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு வண்டி பார்க்கப் புறப்பட்டோம்.

முதல் வீட்டில் எஞ்சினைத் தொட்டதும் சுட்டது. ஆறிய எஞ்சின் கிளம்பத் தயங்குவதை மறைக்கச் சிலர் முன்னரே சூடாக்கி வைப்பதுண்டு. நன்றி கூறித் திரும்பினோம். இரண்டாவது வண்டி 2013இல் பதிவானது. எஞ்சின் குளிர்ந்திருந்தது, தயங்காமல் கிளம்பியது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிடில் ரேடியேட்டர் நீர் எஞ்சினுள் கசிகிறது என்று ஐயுற வேண்டும். இங்கு இரண்டும் இல்லை. மீட்டர் 31,000 கிலோமீட்டர் காட்டியது. மீட்டரை மாற்றியமைப்போர் உண்டு. ஆனால் கால் வைக்கும் ரப்பரும் பிரேக் மிதியும் எளிதில் பொய் சொல்லா. அவற்றின் தேய்மானம் மீட்டருக்குப் பொருந்தியது.

பின்னர் உரிமையாளரின் இசைவுடன் கவசத்தைக் கழற்றினோம். ஒருமுறை மெல்ல இடப்புறம் சாய்ந்ததன் கீறல் தெரிந்தது. சட்டத்தில் வளைவோ வெல்டிங் தழும்போ இல்லை. முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்திருந்தது. பின் பல்சக்கரத்தில் செயினைப் பிடித்து இழுத்தபோது பாதிப் பல் வெளியே தெரிந்தது. செயின் நீண்டுவிட்டதன் அடையாளம் அது. டயரின் பக்கத்தில் 1416 என்னும் எண் இருந்தது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பதே இதன் பொருள். பார்வைக்கு நல்ல டயர்தான். ஆயினும் ரப்பர் இறுகி வெடித்திருந்தது. இவற்றையெல்லாம் எடுத்துக்கூற, உரிமையாளரும் நியாயமுணர்ந்து 70,000 ரூபாய்க்கு இசைந்தார்.

இனி, பத்திரங்கள். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளவற்றுடன் ஒத்திருக்க வேண்டும். கடன் இருந்திருப்பின், அது தீர்ந்ததற்கான சான்றும் படிவம் 35உம் தேவை. பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29, 30. மாநிலத்திற்குள் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வெற்றுத் தாளில் கையொப்பமிட்டு வண்டியை அனுப்பிவிடும் பெற்றோர் ஒன்றை அறிக: வண்டி பலர் கைமாறிய பின்னும் பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ, அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர் மாற்றத்தைத் தெரிவிக்கும் பொறுப்பு விற்பவருக்கும் உண்டு, வாங்குபவருக்கும் உண்டு.

வண்டி பட்டறைக்கு வந்தது. இளைஞன் முதலில் கேட்டது புதுப் பெயின்ட். என் கதையை அவனுக்குச் சொன்னேன். அதன்பின் வரிசை மாறியது. முதலில் இரு டயர்கள், பிரேக் பேடுகள், காப்பி நிறமாகக் கறுத்திருந்த பிரேக் ஆயில். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரமேறிய ஆயில் சூட்டில் கொதித்தால் பிரேக் பிடிக்காது. ஆகையால் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நன்று. அடுத்து, செயினும் இரு பல்சக்கரங்களும் ஒருசேர மாற்றப்பட்டன. பழைய பல்சக்கரத்தில் புதுச் செயினை மாட்டினால் அதுவும் விரைவில் கெடும். பிறகு ஃபோர்க் சீல், எஞ்சின் ஆயில், ரேடியேட்டர் நீர், பாட்டரி. மொத்தச் செலவு 23,000 ரூபாய். பெயின்ட்டுக்குப் பணம் மிஞ்சவில்லை.

இவ்வண்டி ஏ.பி.எஸ். உள்ளதாகவும் இல்லாததாகவும் விற்பனையாயிற்று. திடீரெனப் பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காப்பது அது. இவன் வாங்கியது அது இல்லாத வண்டி. ஆகவே, முதல் இரண்டு வாரம் காலியான மைதானத்தில் முன், பின் பிரேக்குகளைச் சேர்த்துப் படிப்படியாக அழுத்தப் பழகினான். ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற தலைக்கவசம் இரண்டு வாங்கினான்.

"இரண்டு எதற்கு?" என்று கேட்டேன். விடை அடுத்த ஞாயிறு கிடைத்தது. கோவில் வாசலில் வண்டி வந்து நின்றது. பின்னால் அமர்ந்திருந்த தந்தை, தாடை வார் கழற்றத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார். மகன் குனிந்து கழற்றிவிட்டான்.

பெற்றோரே, பிள்ளைகள் பழைய வண்டி கேட்டால் வாயிற்படியிலேயே மறுத்து அனுப்பிவிடாதீர்கள். உடன் சென்று கவசத்தைக் கழற்றிப் பாருங்கள். இளைஞர்களே, பிறர் கண்ணில் படுவதற்குச் செலவிடுமுன், உங்களை வீடு சேர்ப்பதற்குச் செலவிடுங்கள். அந்த வண்டியின் இடப்புறக் கீறல் இன்னும் அப்படியே இருக்கிறது. வரும் தீபாவளி போனசில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறான் மகன். "அதற்கு இப்போது என்ன அவசரம்?" என்கிறார் தந்தை.