தொடாமலே ஒலிக்கும் தந்தி

யாழின் பெயரைச் சுமக்கும் ஊர் நம்முடையது. அந்த யாழின் இசை இலக்கணத்தைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்தவர் விபுலாநந்த அடிகள். விஞ்ஞானப் பட்டதாரி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். அவருடைய ‘யாழ் நூல்’ 1947இல் அரங்கேறியது.

வில் யாழில் ஒரு தந்திக்கு ஒரு சுரந்தான். வீணையிலோ மெட்டுகள் வந்ததால் ஒரே தந்தியில் பல சுரங்கள். இப்படிக் கருவிகள் மாறிவந்தது போல, வெவ்வேறு கருவிகளின் குணங்களை ஒன்றாக்கும் முயற்சியும் நடக்கிறது. விஸ்வமோகன் பட் கிட்டாரில் சித்தாரைப் போன்ற பரிவுத் தந்திகளைச் சேர்த்து மோகன வீணையை உருவாக்கினார்; 1994இல் கிராமி விருதும் பெற்றார்.

பரிவுத் தந்திகளை முழு நேரமும் மீட்ட வேண்டியதில்லை. மேலே மீட்டும் தந்தியில் ஒரு சுரம் எழுந்தால், அதன் அதிர்வு குதிரை வழியாகவும் மரவுடல் வழியாகவும் இறங்குகிறது. அதே அதிர்வெண்ணுக்குச் சுருதி சேர்த்த தந்தி தானே அசைந்து பாடும். மற்றவை பெரும்பாலும் பேசாமல் கிடக்கும். மோகன வீணை போன்ற கலப்புக் கருவிகளின் நீண்ட கார்வைக்கு இதுவும் ஒரு காரணம். சுருதி இம்மியளவு பிசகினாலும் அந்த அழகு போய்விடும்.

வீட்டில் வீணை இருக்கிறதா? பஞ்சமத்துக்குச் சேர்த்த தாளத் தந்தியின்மேல் ஒரு சிறு கடதாசித் துண்டை மடித்து வையுங்கள். சாரணித் தந்தியில் அதே பஞ்சமத்தை மீட்டுங்கள். சுருதி சரியாக இருந்தால் கடதாசி துள்ளும். பிள்ளைகளுக்கு இன்றே செய்து காட்டுங்கள்.